தண்ணீர் ஏறும்வரை

லாஸ்பேட்டை அரசு குடியிருப்பில் எங்கள் பிளாக்கைச் சேர்ந்த நான்கு குடும்பங்கள் ஆண்டுதோறும் ஒரு பயணம் போவோம். எங்கே போவது என்பதைப் பிள்ளைகள்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு வருடத்துக்கு ஒரு வீட்டுப் பிள்ளை என்று முறை. பெரியவர்கள் தலையிடக் கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டவர் என் கணவர் அருள்முருகன். ஒரு வருடம் கீழ்வீட்டுப் பையன், ரயிலிலேயே இருக்க வேண்டும், எங்கேயும் இறங்கிச் சுற்றக் கூடாது என்றான். விழுப்புரத்தில் ஏறி ராமேஸ்வரம் வரை போனோம். பிளாட்பாரத்தில் இட்லி வாங்கித் தின்றோம். கோயிலைக்கூடப் பார்க்காமல் அடுத்த ரயிலில் திரும்பினோம். மாமியார் ஒரு மாதம் எங்களைத் திட்டினார். சட்டம் என்றால் சட்டம்தான் என்றார் என் கணவர்.

அந்த வருடம் எங்கள் மகள் இலக்கியாவின் முறை. நான்காம் வகுப்பு முடித்திருந்தாள்.

"எப்பப் பாத்தாலும் கரையில நின்னுதான் கடலப் பாக்குறோம். நான் கடல்ல நின்னு பாண்டிச்சேரியப் பாக்கணும்" என்றாள்.

எல்லோரும் கைதட்டினார்கள். நான் என் கணவரைப் பார்த்தேன். பாகூருக்குப் பக்கத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ஏரியில்கூட இடுப்புக்கு மேல் இறங்காதவர். கடற்கரைச் சாலையில் பாறைமேல் உட்காரச் சொன்னால்கூட மதில் ஓரமே போதும் என்பார். ஆனாலும் மற்றவர்களோடு சேர்ந்து அவரும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

வழியைக் காட்டியவர் மாடிவீட்டு விமல்ராஜ். அவருக்கு அலுவலக வேலை. குடும்பம் பிள்ளைச்சாவடியில் மீன்பிடிக் குடும்பம். அவருடைய அண்ணன் கன்னியப்பனுக்குத் தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் சொந்தமாக ஒரு விசைப்படகு, லாஞ்சு என்பார்கள், இருந்தது. மீன்பிடித் தடைக்காலத்தில் லாஞ்சுகளெல்லாம் கரையோடு கட்டிக் கிடக்கும். பலகை மாற்றுவார்கள், என்ஜினைப் பிரித்துப் பூட்டுவார்கள், புது வண்ணம் அடிப்பார்கள். தடை முடிகிற வாரத்தில் தேங்காய் உடைத்து, வலை போடாமல் ஒரு நாள் வெள்ளோட்டம் விடுவார்கள். அன்றைக்கு மட்டும் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் ஏறிக்கொள்வார்கள்.

"இந்த வருசம் எங்க வெள்ளோட்டத்துல உங்களையும் ஏத்திக்கிறோம். புள்ளைங்களுக்கு லைஃப் ஜாக்கெட் நான் வாங்கியாறேன். ஒண்ணே ஒண்ணு, முகத்துவாரத்துல மண்ணு ஏறிக் கெடக்குது. காலையில தண்ணி நெறைய இருக்கசொல்ல வெளியே போனம்னா, சாயங்காலம் மறுபடி தண்ணி ஏறுனாதான் உள்ள வர முடியும். நடுவுல வர முடியாது. சோறு கட்டிக்கணும்" என்றார் விமல்ராஜ்.

"அது இன்னும் நல்லது. யாரும் பாதியில வூட்டுக்குப் போலாம்னு அழ முடியாது" என்றார் என் கணவர்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். லாஞ்சுக்கு நீலமும் மஞ்சளும் புதிதாக அடித்திருந்தார்கள், வண்ணத்தின் வாடை இன்னும் போகவில்லை. கன்னியப்பன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு என் கணவரைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா சார், பாகூர்க்காரங்க ஏரியிலகூட படி எங்கன்னு பாத்துதான எறங்குவீங்க. இன்னிக்குக் கடலு உங்களக் கையப் புடிச்சு இட்டுனு போவும்."

"கடலு என் கையப் புடிக்கட்டும். நீ ஸ்டியரிங்கப் புடி" என்றார் இவர். இரண்டு கைகளாலும் கம்பத்தைப் பற்றியிருந்தார்.

முகத்துவாரத்தைத் தாண்டியதும் லாஞ்சு ஆட ஆரம்பித்தது. விமல்ராஜின் மூத்த பையன் அங்கேயே ஒரு போட்டி அறிவித்தான். வாந்தி எடுப்பவர் அவுட். கடைசிவரை வாந்தி எடுக்காதவருக்கு எல்லோருடைய கட்டுச்சோற்று முட்டையிலும் பாதி. முதலில் மூன்றாவது வீட்டு மாலா டீச்சர் அவுட். அடுத்து அவருடைய கணவர். ஒவ்வொருவர் தலையும் ஓரத்தில் குனியும்போது பிள்ளைகள் ஒரே குரலில் கத்தினார்கள். பள்ளியில் டீச்சரிடம் அடி வாங்கிய பிள்ளைகள் இரண்டு பேர் அதில் இருந்தார்கள், அவர்கள் குரல் தனியாகக் கேட்டது.

இலக்கியா கேட்டது கிடைத்தது. காந்தி சிலை விரல் அளவுக்குத் தெரிந்தது. பழைய கலங்கரை விளக்கம், புதிய கலங்கரை விளக்கம், இடிந்துபோன பழைய பாலத்தின் கால்கள், வரிசையாக வெள்ளைக் கட்டடங்கள். அவற்றின் பின்னால் எங்கள் ஊர் இவ்வளவு தாழ்வாக, இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று நானும் நினைத்திருக்கவில்லை. "ம்மா, நம்ம ஊரு படம் மாதிரி இருக்குது" என்றாள். என் கணவர் ஒரு கையைக் கம்பத்திலிருந்து எடுத்து, அது தலைமைச் செயலகம், அது சுங்க அலுவலகம் என்று பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டு வந்தார்.

உச்சி வெயிலுக்குச் சற்று முன்னால் அவர் வாந்தி எடுத்தார்.

பிள்ளைகள் ஆர்ப்பரித்தார்கள். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, கிரிக்கெட் அம்பயர்போல ஒரு விரலை உயர்த்தித் தனக்குத்தானே அவுட் கொடுத்தார். லாஞ்சு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு வலைக்குவியலில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"நம்ம சாரு இவ்ளோ நேரம் தாங்கனதே பெருசு. நான் முகத்துவாரத்துலயே எதிர்பாத்தேன்" என்றார் கன்னியப்பன்.

ஜெயசித்ரா, விமல்ராஜின் மனைவி, எலுமிச்சம்பழம் கொடுத்தாள். கரையையே பார்த்துக்கொண்டிருங்கள், கரை ஆடாது என்று யாரோ சொன்னார்கள். அவர் கரையைப் பார்த்தார். மறுபடி வாந்தி எடுத்தார். தாடை வலிக்கிறது என்றார்.

"அத்தன தடவ வாயத் தொறந்தா தாட வலிக்காம இன்னா செய்யும்ண்ணே" என்றார் விமல்ராஜ்.

அதற்கும் சிரித்தார்கள். அவரும் சிரிக்க முயன்றார். தோள்பட்டையைப் பிடித்துவிடச் சொன்னார். கம்பத்தைப் பிடித்துக்கொண்டே வந்ததால் என்று நினைத்துப் பிடித்துவிட்டேன். வயல்காட்டில் பிறந்தவன் கடலுக்கு வந்தால் இப்படித்தான் என்று அந்த லாஞ்சில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். அவருக்கும் அது தெரிந்திருந்தது. அதனால்தான் அவரும் கரைக்குத் திரும்பலாமா என்று கேட்கவில்லை.

கன்னியப்பன் என்ஜினை நிறுத்தி நங்கூரம் போட்டார். எல்லோரும் சாப்பிடுவதற்காக. மாலா டீச்சருக்கு வாந்தி நின்று பசிகூட வந்துவிட்டது. என் கணவருக்கு மட்டும் நிற்கவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையைத் தொட்டேன். அந்த வெயிலில் கை ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்ததுபோல இருந்தது. இலக்கியா எதிரில் குனிந்து, "அப்பா, உன் முட்டையில பாதி யாருக்கு?" என்று கேட்டாள். அவர் அவளைப் பார்த்தார், பதில் சொல்லவில்லை. மகள் கேட்டு அவர் பதில் சொல்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

"தீபா, கரைக்குப் போலாம்" என்றார் என்னிடம், மெதுவாக.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சரியாகத்தான் நடந்தது. இதை நான் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். யாரும் தாமதிக்கவில்லை, யாரும் மறுக்கவில்லை.

விமல்ராஜ் என் முகத்தைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். அதோடு சிரிப்பு நின்றது. நங்கூரத்தை எடுத்தார்கள். கன்னியப்பன் முழு வேகத்தில் முகத்துவாரத்தை நோக்கி விட்டார். பிறகு வேகத்தைக் குறைத்தார். எதிரில் தண்ணீருக்கு நடுவே மணல் திட்டின் முதுகு தெரிந்தது. அதன்மேல் நாரைகள் நின்றுகொண்டிருந்தன. லாஞ்சின் அடிப்பாகம் அதைத் தாண்டாது என்பதை எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"சாயங்காலம்தான் தண்ணி ஏறும் அண்ணி. திட்டு மேல ஏத்திட்டோம்னா லாஞ்சு சாஞ்சுடும். எல்லாப் புள்ளைங்களும் இருக்குது" என்றார் கன்னியப்பன். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

போனில் சிக்னல் முழுதாக இருந்தது. நான் 108-க்குப் பேசினேன். வண்டி உடனே கிளம்பிவிட்டது என்றார்கள். அது உண்மைதான், நான் பார்த்தேன். முகத்துவாரத்துக்கு வடக்கே வம்பாகீரப்பாளையத்துக் கரையில் வெள்ளை வண்டி வந்து நின்றது. அதன் மேலே விளக்கு சுழன்றது. கலங்கரை விளக்கத்துக்கு அப்பால், கடற்கரைச் சாலையின் கட்டடங்களுக்குப் பின்னால், இரண்டு தெரு தள்ளிப் பெரியாஸ்பத்திரி. நடந்தே போய்விடலாம் என்று தோன்றும் தூரம். கடற்கரையில் ஒருவர் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார். நூல்கூடத் தெரிந்தது.

சாலையோரம் நெடுகப் பாறை. லாஞ்சை அங்கே ஒட்ட முடியாது, வண்டி நிற்கிற மணற்கரையில் தரை தட்டிவிடும். சின்ன ஃபைபர் படகு வந்து ஆளை இறக்கிக்கொண்டு போவதுதான் வழி. விமல்ராஜ் வம்பாகீரப்பாளையத்தில் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டார். காலையில் தொழிலுக்குப் போன படகுகள் கரை ஏறியிருந்தன, என்ஜினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ஞாயிறு மதியம். ஆட்கள் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார்கள். இருசப்பன் என்ற பெரியவர், வருகிறேன் என்றார். அவர் வெற்றுடம்போடு தெருவிலிருந்து ஓடி வருவதையும், பின்னால் இரண்டு பேர் என்ஜினைத் தோளில் தூக்கி வருவதையும், படகைத் தள்ள ஆள் போதாமல் ஆம்புலன்ஸ் டிரைவர் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கியதையும் நாங்கள் லாஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் தடவை அலை படகைத் திருப்பிக் கரைக்கே தள்ளிவிட்டது. மறுபடி தள்ளினார்கள்.

எல்லோரும் வந்துகொண்டுதான் இருந்தார்கள். என் மடியில் அவர் தலை இருந்தது. எனக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. முந்தானையை நனைத்து அவர் முகத்தில் ஒற்றினேன். வெயில் படாமல் கையால் மறைத்தேன். பிறகு மறுபடி ஒற்றினேன்.

ஜெயசித்ரா பிள்ளைகளை முன்பக்கம் அழைத்துப்போய்ப் பாட்டுக்குப் பாட்டு விளையாடவைத்தாள். என்னைத் திரும்பிப் பார்க்காமலே உரக்கப் பாடினாள். குரல் உடையும் இடத்தில் கை தட்டினாள். இலக்கியா அப்பாவுக்கு வாந்தி அதிகமாகிவிட்டது, அதனால் முன்னாலேயே கரைக்குப் போகிறார் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தாள். நாங்கள் யாரும் கலந்து பேசி அப்படி முடிவு செய்யவில்லை.

ஃபைபர் படகு வந்து பக்கத்தில் நின்றபோது, அது கீழே போனால் லாஞ்சு மேலே இருந்தது, லாஞ்சு கீழே வந்தால் அது மேலே போனது. அவர் கனத்த உடம்பு. நாலு பேர் ஒரு தார்ப்பாயில் அவரைக் கிடத்தி நாலு முனையையும் பிடித்துக்கொண்டார்கள். இருசப்பன் கீழே நின்று, "இப்ப வேணாம், இப்ப வேணாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த இடைவெளியில்தான் முன்பக்கத்திலிருந்து பாட்டு நின்றது. பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஐய, அப்பா பாதியிலேயே போறாரு. அப்பா டபுள் அவுட்" என்றாள் இலக்கியா. மற்ற பிள்ளைகளும் அதைச் சேர்ந்து சொன்னார்கள்.

"இப்ப" என்றார் இருசப்பன். இறக்கினார்கள்.

நான் ஏறுவதா, மகளோடு இருப்பதா என்று ஒரு கணம் நின்றேன். அவளையும் கூட்டிப் போகலாம். அந்தப் படகில், அவர் இருக்கிற நிலையில், எப்படி? விமல்ராஜ் என் கையைப் பிடித்து, "நீங்க போங்க அண்ணி. இலக்கியா எங்ககிட்ட இருக்கட்டும்" என்றார். இறங்கினேன். இலக்கியா எனக்கும் கையசைத்தாள்.

படகு கிளம்பியதும் அவர் கண்ணைத் திறந்தார்.

"பாப்பா?"

"ஜெயசித்ரா கூட இருக்கறா."

"சோத்தப் பிரிச்சுடச் சொல்லு. புள்ளைங்களுக்குப் பசிக்கும்" என்றார். நான் சரி என்றேன். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

கொஞ்ச தூரத்தில் மூச்சு மாறியது. கையிலிருந்த போனில் 108-இல் பேசிய பெண் இன்னும் இணைப்பில் இருந்தார். நெஞ்சின் நடுவில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து அழுத்துங்கள் என்றார். போனைப் படகின் தரையில் வைத்துவிட்டு அழுத்தினேன். அந்தப் பெண் எண்ணிக்கொண்டிருந்தார், என்னோடு சேர்ந்து எண்ணுங்கள் என்றார். என்ஜின் சத்தத்தில் ஒன்று விட்டு ஒன்றுதான் கேட்டது. படகு அலையில் எழும்பும்போதெல்லாம் என் கை அவர் நெஞ்சைவிட்டு நழுவியது. ஈரத் தரையில் முட்டி வழுக்கியது. நான் சரியாகச் செய்கிறேனா என்று கேட்டேன். அந்தப் பெண் சொன்ன பதில் காதில் விழவில்லை.

கரைக்குப் பக்கத்தில் வந்து இருசப்பன் என்ஜினைத் தணித்தார்.

"ஏன் நிறுத்துறீங்க?"

"பெரிய அலை வருதும்மா. அது போவட்டும். இப்ப உட்டா கவுத்துடும்."

ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரோடு தண்ணீரில் நின்றார்கள். அவர்களில் ஒருவருடைய சட்டைப் பையில் பேனா இருப்பதுகூட எனக்குத் தெரிந்தது. ஒரு அலை எங்களைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கடந்தது. பின்னால் இன்னொன்று. இருசப்பன் திரும்பித் திரும்பிக் கடலைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. நான் அழுத்துவதை நிறுத்தவில்லை. ஆனால் என் கைக்கு அடியில் இருந்தது மாறிவிட்டது என்று அப்போதே தெரிந்தது. எப்படித் தெரியும் என்று கேட்டால் சொல்ல முடியாது. பதினோரு வருடம் பக்கத்தில் படுத்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் அவர்களால் ஆனதைச் செய்தார்கள். டாக்டர் சின்னப் பெண். வெளியே வந்து, "வரும்போதே உயிர் இல்லைங்க" என்றாள். என் புடவையிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் தேங்கியிருந்தது. ஒரு ஆயா அதைத் துடைத்துவிட்டு, என் காலடியில் ஒரு அட்டையைப் போட்டார்.

போன் அடித்தது. விமல்ராஜ்.

"அண்ணி."

அந்தப் பக்கம் பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் வந்தது. யாரோ முட்டையைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பாப்பாகிட்ட சொல்லாதீங்க. கரைக்கு வரட்டும், நான் சொல்றேன்" என்றேன்.

"இன்னும் தண்ணி ஏறல அண்ணி" என்றார். பிறகு சத்தத்தை அடக்கிக்கொண்டு அழுதார். பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது என்று முதுகைத் திருப்பிக்கொண்டிருப்பார்.

அன்று பிற்பகல் முழுவதும் அந்த லாஞ்சில் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகள் யாருக்கும் தெரியாது. எங்கும் போக வழியில்லாத அந்தப் பலகைமேல் மாலா டீச்சர் கதை சொன்னாராம். கன்னியப்பன் ஒவ்வொரு பிள்ளையையும் மடியில் உட்காரவைத்துச் சக்கரத்தைப் பிடிக்கவைத்தாராம். ஜெயசித்ரா இலக்கியாவுக்கு இரண்டு தடவை தலை பின்னிவிட்டாள், காற்றில் கலைந்துவிட்டது என்று சொல்லி. இவற்றையெல்லாம் பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். என்னைவிட அவர்களுக்குத்தான் அன்றைய பகல் நீளம் என்று இப்போது நினைக்கிறேன்.

பாகூரிலிருந்து என் கணவருடைய அண்ணன் வந்து சேர்ந்தார். அவரை ஆஸ்பத்திரியில் உட்காரவைத்துவிட்டு நான் ஆட்டோ பிடித்துத் துறைமுகத்துக்குப் போனேன். நீ எதற்கு, நான் போய்க் கூட்டிவருகிறேன் என்று அவர் சொன்னார். நான் கேட்கவில்லை. வார்த்தைகளை வழியில் தேடிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். துறைமுகம் வந்தபோது ஒரு வாக்கியம்கூட இல்லை.

மீன் ஏலம் விடும் கொட்டகை காலியாக இருந்தது. ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். படித்துறையின் கீழ்ப் படிகளைத் தண்ணீர் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தது. வேகமாக ஏற வேண்டும் என்றும் நினைத்தேன். ஏறவே கூடாது என்றும் நினைத்தேன். தண்ணீர் ஏறாதவரை என் மகளுக்கு அப்பா இருந்தார்.

வெளிச்சம் மங்குவதற்கு முன் லாஞ்சு வந்தது. பிள்ளைகள் முன்னால் நின்று பாடிக்கொண்டு வந்தார்கள். பெரியவர்கள் ஒருவர்கூட நிற்கவில்லை, எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கன்னியப்பன் முதலில் இலக்கியாவைத் தூக்கிக் கரையில் விட்டார். விட்ட கையை எடுக்கத் தெரியாமல் அவள் தலைமேல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"ம்மா, நான்தான் ஜெயிச்சேன். கடைசி வரைக்கும் வாந்தியே எடுக்கல. டால்ஃபின் பாத்தோம் தெரியுமா, ரெண்டு. அப்பா வூட்ல தூங்குறாரா? நீ சொல்லாத. அப்பாகிட்ட நான்தான் சொல்லுவேன்."

"சரி" என்றேன்.

நான் வந்த அதே ஆட்டோ காத்திருந்தது, ஏறினோம். அவள் டால்ஃபினிலிருந்து ஆரம்பித்து மறுபடி எல்லாவற்றையும் சொன்னாள், அப்பாவிடம் எப்படிச் சொல்வாளோ அப்படியே, கைகளை விரித்து, என்னிடம் ஒத்திகை பார்ப்பதுபோல. மரப்பாலம் வந்தது. நூறடிச் சாலைக்குப் போகாமல் ஆட்டோ ஆஸ்பத்திரி இருக்கும் நகரத்துப் பக்கம் திரும்பியது. அவள் பேசிக்கொண்டே வெளியே பார்த்தாள். பேச்சு மெல்லக் குறைந்து, ஒரு சொல்லின் நடுவில் நின்றது.

"இது நம்ம வூட்டுக்குப் போற வழி இல்லியே ம்மா" என்றாள்.

நான் அவளை என் பக்கம் இழுத்தேன். ஆட்டோக்காரர் வண்டியின் வேகத்தைக் குறைத்து, ஓரமாக ஒதுக்கி, என்ஜினை அணைத்துவிட்டு, எங்களைப் பார்க்காமல் இறங்கிப்போய் முன்னால் நின்றுகொண்டார்.